நரிமலை முடிச்சு

திருட்டுப் போனால் போலீசுக்குப் போகலாம். தீப்பிடித்தால் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாம். யாரோ ஒருவர் நமக்குத் தெரியாமல் நம் தோட்டத்துக்குள் புகுந்து, வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் யாரிடம் போவது? எங்கள் நீடர்லை கிராமத்தில் அதற்கும் ஒரு ஆள் இருந்தார்.

ஃபோல்க்மார் டீட்சன் முப்பது வருடம் மோசல் ஆற்றங்கரை நெடுக ஒயின் ஆய்வாளராக இருந்தவர். எந்தப் பீப்பாயில் சர்க்கரையைக் கரைத்திருக்கிறார்கள், எந்தப் புட்டியில் வேறு ஊர்ச் சரக்கை ஊற்றி நம் ஊர்ப் பெயரை ஒட்டியிருக்கிறார்கள் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். அதனால் வேலையில் இருந்தவரை ஊரில் ஒருவரும் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு எல்லோரும் கூப்பிட்டார்கள், அவர்தான் போகவில்லை. அவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் நுழையும் உரிமை ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் ரொட்டிக்கடைக் கேத்தே. கொலோன் நகரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் இறந்த பிறகும் கடையை விடாமல் நடத்துகிறாள். தினமும் காலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஆற்றின் இரண்டு கரைக்கும் ரொட்டி கொண்டுபோவாள். ரொட்டியோடு ஊர்ச் செய்தியும் போகும்.

மார்ச் மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை. டீட்சன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், கேத்தே அவருடைய காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அல்வின் தீலன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். ரீஸ்லிங் திராட்சையை நாலு தலைமுறையாகப் பயிரிட்டு, சொந்தப் பாதாள அறையில் ஒயின் வடிக்கும் குடும்பம். மனைவி இறந்து நாலு வருடம். இடுப்பு தேய்ந்து இரண்டு வருடம். பிடிவாதம் மட்டும் தேயவில்லை.

"டீட்சன் ஐயா, என் நரிமலையை யாரோ கட்டிட்டுப் போயிட்டாங்க," என்றார், உட்காராமலேயே.

"உக்காருங்க முதல்ல. யாரோன்னா?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வரேன்? என் நிலத்துலயே செங்குத்தான துண்டு அது. எங்க தாத்தா வச்ச கொடி, தொண்ணூறு வருஷம் ஆச்சு. இந்த இடுப்ப வச்சுக்கிட்டு என்னால ஏற முடியல. கவனிக்காம விட்ட தோட்டத்துல நோய் வந்தா அக்கம்பக்கத்துக்கும் தாவும், அதனால வேரோட எடுத்துரணும்னு சட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள விவசாய அலுவலகத்துக்கு எழுதிக் குடுக்கணும், யார் பாத்துக்கப் போறான்னு. இல்லேன்னா பிடுங்கணும்."

"புத்தாண்டு விருந்துல சபதம் போட்டீங்களே அண்ணே, அதச் சொல்லுங்க," என்று கேத்தே எடுத்துக் கொடுத்தாள்.

அல்வினின் காது சிவந்தது. "தீயணைப்புச் சங்கத்துல, எல்லார் முன்னாடியும் சொன்னேன். 'இந்த மார்ச்சுக்குள்ள எவன் நரிமலைக்கு ஏறி, கவாத்து பண்ணி, வளைச்சுக் கட்டுறானோ அவனுக்கே அந்தத் துண்டு. எவனும் வரலேன்னா நானே பிடுங்கிப் போட்டுடுவேன்.'"

டீட்சன் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். "அதே வார்த்தையா? யோசிச்சுச் சொல்லுங்க."

"அதே வார்த்தைதான். மூணு கிளாஸ்தான் குடிச்சிருந்தேன்."

"ஆறு," என்றாள் கேத்தே. "ஆனா வார்த்தை அதேதான் ஐயா. ரெண்டு கரையிலயும் போய்ச் சொன்னவளே நான்தானே. ஒரு எழுத்து மாத்தல."

அன்றிலிருந்து அல்வின் அந்த மலைப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லையாம். பார்த்தால் வயிறு எரியும் என்று இருந்துவிட்டார். நேற்று திங்கட்கிழமை பல் மருத்துவரிடம் போக அக்கரைப் பேருந்தில் ஏறியவர், ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். நானூறு கொடிகளும் கவாத்துச் செய்து, வளைத்து, கம்பத்தோடு கட்டி நின்றன. செய்தி பரவிய அன்று மாலையே இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவன் அல்வினின் தங்கை மகன் ருப்பர்ட், மற்றவர் பக்கத்துத் தோட்டத்து எகோன் லாமர்ட்ஸ். இருவரும் தனித்தனியே சொன்னது ஒரே வாக்கியம்: "நான்தான் கட்டினேன்."

"யாருக்குக் குடுத்தா உங்க கொடி பொழைக்கும்?" என்று டீட்சன் கேட்டார்.

"அதான் ஐயா வயித்தெரிச்சல். ருப்பர்ட் அங்க படகுல வர்ற டச்சுக்காரங்களுக்குக் குடிசை போடப் போறானாம். எகோன் டிராக்டர் போக ரோடு வெட்டுவான். ரெண்டு பேர்ல எவன் கையில போனாலும் தாத்தாவோட கொடி போச்சு. ஆனா ஊர் முன்னாடி வாக்குக் குடுத்துட்டேன். உண்மையிலயே கட்டினவனுக்குக் குடுத்துத்தான் ஆகணும். இவனுங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

"ரிக்கேகிட்டச் சொன்னீங்களா?" என்றாள் கேத்தே.

"அவளுக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம்?" அல்வின் தடியைத் தரையில் தட்டினார். "அவதான் அக்கரையில எவனோட பீப்பாயையோ கழுவிக்கிட்டு இருக்காளே."

ரிக்கே அவருடைய ஒரே மகள். அம்மாவை அடக்கம் செய்த வாரம், நரிமலையைத் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். அந்தச் சரிவு பெண்பிள்ளைக்கு ஆகாது என்று இவர் சொன்னார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனவள்தான், அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த கதை, அதனால் ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை.

*

நரிமலையில் நிற்பதற்கே தனியாகக் கால் வேண்டும். ஒரு காலை ஊன்றினால் மற்றது ஆற்றுக்குப் போகப் பார்க்கும். சிலேட்டுக் கற்கள் காலடியில் சலசலவென்று சரிந்துகொண்டே இருக்கும். டீட்சன் பத்தடிக்கு ஒருமுறை நின்று நிதானமாக ஏறினார். கேத்தே கையையும் ஊன்றி நாலு காலாலும் ஏறினாள்.

கீழ் வரிசையிலேயே டீட்சன் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கம்பம். கவாத்தில் விட்டுவைத்த இரண்டு நீளக் கிளைகளையும் வலமும் இடமுமாக வளைத்து, நுனியைக் கீழே கொண்டுவந்து கம்பத்தோடு கட்டியிருந்தது. கட்டியது கம்பியாலும் இல்லை, பிளாஸ்டிக்காலும் இல்லை. வில்லோ மரத்து மஞ்சள் மிலாறால், வளையும் இளங்குச்சியால், கட்டியிருந்தது.

"இதுல கட்டி எத்தனை வருஷமாச்சு ஊர்ல! இப்பல்லாம் துப்பாக்கி மாதிரி ஒண்ண வச்சு டக்கு டக்குன்னு அடிச்சுட்டுப் போறாங்க," என்றாள் கேத்தே.

டீட்சன் வெட்டுவாயைப் பார்த்தார். மொட்டுக்கு எதிர்ப்புறமாகச் சாய்வு, மொட்டுக்கு மேலே ஒரு பெருவிரல் நீளம் விட்டிருந்தது. அல்வின் காலையில் சொன்னதும் அதுதான்: "வெட்டு எங்க வீட்டு வெட்டு மாதிரியே இருக்காம், ஏறிப் பாத்தவங்க சொல்றாங்க. ருப்பர்ட் மூணு குளிர்காலம் என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன். அவனாத்தான் இருக்கணும்." பிறகு டீட்சன் முடிச்சைப் பார்த்தார். மிலாறை இரண்டு சுற்றுச் சுற்றி, முறுக்கி, வால் நுனியை மேல்நோக்கித் திருப்பிச் சுற்றுக்குள்ளேயே செருகியிருந்தது. அடுத்த கொடியிலும் அப்படியே. மேல் வரிசை வரை அப்படியே.

"ஒடைஞ்ச கிளை ஏதாவது தெரியுதா, கேத்தேம்மா?"

கேத்தே வரிசை வரிசையாகத் தேடினாள். "ஒண்ணுகூட இல்ல."

ஓரத்தில் ஒரு காட்டுக்கிளை வெட்டாமல் நின்றது. டீட்சன் அதைப் பிடித்து மெதுவாக வளைத்தார். பாதி வளையுமுன் படக்கென்று முறுக்குப் போல முறிந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில், கிழக்கிலிருந்து வறண்ட காற்று.

"போன வாரம் மழை எப்ப பெஞ்சுது?"

"வாரம் முழுக்க இதே காத்துதான். சனி, ஞாயிறு மட்டும் விடாத தூறல். என் ரொட்டியெல்லாம் நமுத்துப் போச்சே, மறப்பேனா?" பதில் சொன்ன வேகத்திலேயே கேத்தேவுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. "ஐயா! வெட்டு அல்வின் வீட்டு வெட்டு. முடிச்சு யாரும் பாக்காத முடிச்சு. அப்ப வெட்டினவன் ஒருத்தன், கட்டினவன் ஒருத்தன். ருப்பர்ட்டும் எகோனும் கூட்டுக் களவாணிங்க!"

"கூட்டுன்னா எதுக்குத் தனித்தனியா வந்து சண்டை போடணும்?" டீட்சன் ஒரு கொடியின் முடிச்சை மட்டும் பதமாகக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஆனா ரெண்டுன்னு சொன்னீங்க பாருங்க, அத விட்டுடாதீங்க. இப்ப இந்தக் கொடியக் கட்ட ஏதாவது குடுங்க."

கேத்தே முணுமுணுத்துக்கொண்டே தன் தலையில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தாள்.

*

ருப்பர்ட் தன் வீட்டு முற்றத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாசற்பந்தலில் அவனுடைய திராட்சைக் கொடி, தாறுமாறாக எலி கடித்தாற்போல் வெட்டி விடப்பட்டிருந்தது. டீட்சன் அதைப் பார்த்தபடியே பேசினார்.

"தனியாவா கட்டினீங்க தம்பி?"

"தன்னந்தனியா ஐயா. போன புதன், வியாழன் ரெண்டே நாள். மாமாவுக்காகத்தான், வேற யாருக்காக? வெயில் சுள்ளுன்னு அடிக்குது, சட்டையக் கழட்டிப் போட்டுட்டு மடமடன்னு வளைச்சுக் கட்டினேன். இன்னும் முதுகு எரியுது பாருங்க."

"பாக்க வேணாம், நம்பறேன்," என்றார் டீட்சன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

எகோன் லாமர்ட்ஸ் வேறு மாதிரி ஆள். பேசுவதற்கு முன் மூன்று கிளாஸில் மூன்று விதமான ஒயினை ஊற்றி வைத்தார். டீட்சன் மூன்றையும் மோந்துவிட்டு அப்படியே வைத்தார்.

"சனிக்கிழமைதான் கட்டினேன்," என்றார் எகோன். "தூறல்ல நனைஞ்சுக்கிட்டே. காஞ்ச காத்துல வளைக்க நான் என்ன பைத்தியமா? கவாத்து என் ஆளுங்க சனவரியிலயே பண்ணிட்டாங்க."

"மிலாறுல கட்டியிருக்கீங்களே. உங்ககிட்டக் கட்டுற கருவி இருக்கே?"

"பழைய கொடிக்குப் பழைய மரியாதை. அதுவும் இல்லாம, கட்டுறது என்ன பெரிய வித்தையா ஐயா? எங்கம்மா, அத்தையெல்லாம் ஊர்க்கதை பேசிக்கிட்டே கட்டிடுவாங்க."

வெளியே வந்ததும் கேத்தே வண்டிக் கதவை ஓங்கிச் சாத்தினாள். "இவன் சொல்றது எல்லாம் பொருந்துதே ஐயா! மழை பொருந்துது, நாள் பொருந்துது. ரோடு போட்டுருவானே!"

"பொருந்துது," என்றார் டீட்சன். "மோசல்ல பிறந்த எவனுக்கும் பொருந்தும். ருப்பர்ட்டத் தவிர."

*

வியாழக்கிழமை அல்வின் வீட்டுக்குப் போனார்கள். அறை குளிர்ந்து கிடந்தது. அடுப்பருகே கவாத்துக் குச்சிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்ததைப் பார்த்த கேத்தே, மனிதருக்கு இடுப்பு வலியாச்சே என்று ஒரு கட்டைத் தூக்கி அடுப்பில் போடப் போனாள்.

"அத வை!" அல்வினின் குரலில் பீங்கான் தட்டே அதிர்ந்தது. பிறகு தணிந்தார். "அது எரிக்கறதுக்கு இல்லம்மா. ரோஸ்விதா கட்டினது. அவ கண்ண மூடின வருஷம்."

கேத்தே கட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். டீட்சன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார். வெகுநேரம் கட்டினார்.

"உங்க கவாத்த ருப்பர்ட்டத் தவிர வேற யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கீங்களா?" என்று தரையிலிருந்தே கேட்டார்.

"வேற எவனுக்கும் இல்ல."

"எவனுக்கும் இல்ல," என்று டீட்சன் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு எழுந்தார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ருப்பர்ட்டையும் எகோனையும் இங்க வரச் சொல்லுங்க. கேத்தேம்மா, வில்லோ மிலாறு ஒரு கை கொண்டாங்க. தண்ணியில ஊறப்போட்டு."

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ருப்பர்ட் புதுச் சட்டையில் வந்தான். எகோன் ஒரு புட்டியோடு வந்தார். அலுவலகத்துக்கான தாள் மேசைமேல் கிடந்தது, பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. டீட்சன் நாலு துடைப்பக் கட்டைகளை நாற்காலிகளோடு நிமிர்த்தி வைத்திருந்தார். கேத்தே ஈர மிலாறுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு விருந்து பரிமாறுகிறவள்போல் நின்றாள்.

"முதல்ல ருப்பர்ட் தம்பி," என்றார் டீட்சன். "வெயில்ல, வறண்ட காத்துல கட்டினதாச் சொன்னீங்க. திராட்சைக் கிளை ஈரமா இருந்தாத்தான் வளையும், காஞ்சா முறியும். அதனாலதான் மழை நாள வளைக்கற நாள்னு சொல்றாங்க. புதன், வியாழன்ல நீங்க வளைச்சிருந்தா மலை முழுக்க ஒடைஞ்ச கிளையாக் கெடக்கணும். ஒண்ணுகூடக் கெடக்கல."

"மூணு குளிர்காலம் கத்துக் குடுத்தேனேடா!" என்றார் அல்வின்.

"மாமா, நான் பாதி நாள் வண்டியில தூங்கிட்டுத்தான் இருந்தேன்," என்று ருப்பர்ட் உண்மையை ஒப்புக்கொண்டான். அந்த ஒரு உண்மைக்காக அவனைப் பாராட்டலாம்.

எகோன் சிரித்தார். "அப்ப நான்தான்னு முடிஞ்சுதே."

"ஒரே ஒரு முடிச்சு போட்டுக் காட்டுங்க," என்று டீட்சன் தட்டை அவர் பக்கம் நகர்த்தச் சொன்னார்.

எகோன் மிலாறை எடுத்துத் துடைப்பக் கட்டையைச் சுற்றினார். முறுக்கினார். விட்டதும் அது சர்ரென்று அவிழ்ந்து அவர் மூக்கில் அடித்தது. மறுபடி சுற்றினார், மறுபடி அவிழ்ந்தது. மூன்றாவது முறை மிலாறே இரண்டாகப் பிளந்தது. "கை வலிக்குது, சனிக்கிழமை குளிர்ல..." என்று தொடங்கினார்.

"நானூறு கட்டின கையி, ஆறு நாள்லயா மறந்துடும்?" என்றாள் கேத்தே.

எகோன் கொண்டுவந்த புட்டியைத் திரும்ப எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதுவே ஒப்புதல் வாக்குமூலம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் புளுகு," என்றார் அல்வின். அவர் முகத்தில் நிம்மதியும் கலக்கமும் சேர்ந்து வந்தன. "அப்ப கட்டினவன் எங்க? எதுக்கு வந்து கேக்கல? இவ்வளவு பாடுபட்டுக் கட்டிட்டுச் சும்மா இருக்கறவன் எவன்?"

"அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு கட்டுங்க."

"நானா?"

"நீங்கதான். அம்பது வருஷத் தோட்டக்காரர்."

அல்வின் அலட்சியமாகத்தான் மிலாறை எடுத்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். விரல்கள் நின்றன. எந்தப் பக்கம் முறுக்குவது என்று தெரியாமல் மிலாறையே பார்த்தார். இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டே நின்றார். கையை எடுத்தால் அவிழ்ந்துவிடும் என்று அவருக்கே தெரிந்தது.

டீட்சன் அமைதியாகக் கேட்டார். "உங்க தோட்டத்துல இத்தனை வருஷமும் யார் கட்டினாங்க?"

"கட்டுறது பொம்பளைங்க வேலைதானே. நாங்க வெட்டிட்டு முன்னால போவோம், அவங்க பின்னால..." அல்வின் நிறுத்தினார்.

"இந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் அப்படித்தான். ஆம்பள வெட்டுவான், பொம்பள கட்டுவா. எகோன்கூடச் சொன்னாரு, அம்மாவும் அத்தையும் கட்டுவாங்கன்னு. நீங்க சங்கத்துல எழுந்து நின்னு, 'எவன் கட்டுறானோ அவனுக்கு'ன்னு சொன்னீங்க. மிலாறுல கட்டத் தெரிஞ்ச ஆம்பள நீடர்லையில ஒருத்தன்கூட இல்ல. அது உங்களுக்கும் தோணல, கேட்டுக்கிட்டு இருந்த அறுபது பேருக்கும் தோணல."

டீட்சன் சட்டைப்பையிலிருந்து மலையில் கழற்றிய முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு அடுப்பருகே போய் ஒரு குச்சிக்கட்டை இரண்டு கைகளாலும் கவனமாகத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தார். இரண்டு சுற்று, முறுக்கு, மேல்நோக்கித் திரும்பி உள்ளே செருகிய வால். ஒன்று பச்சை மணக்கும் மஞ்சள், மற்றது நாலு வருடத்துப் பழுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். இந்த மனிதர் நாலு குளிர்காலமாக அந்தக் கட்டுகளுக்குக் காவல் இருந்திருக்கிறார். குளிரில் விறைத்தபோதும் ஒரு குச்சியை எரிக்கவில்லை. முடிச்சை மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை.

"ரோஸ்விதா கட்டு," என்றார் அல்வின்.

"முப்பத்தோரு வருஷம் உங்களுக்குப் பின்னால வந்து அவங்க கட்டின முடிச்சு. நீங்க முன்னால போயிட்டே இருந்தீங்க." டீட்சன் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோல்தான் சொன்னார். அதனால்தான் அது அதிகமாகக் குத்தியது. "கேத்தேம்மா ரெண்டு பேர்னு சொன்னாங்க. ரெண்டு பேர் இல்ல, ரெண்டு வாத்தியார். வெட்ட உங்ககிட்டக் கத்துக்கிட்டு, கட்ட உங்க மனைவிகிட்டக் கத்துக்கிட்ட ஆள் உலகத்துலயே ஒருத்தர்தான் இருக்க முடியும். வார நாள்ல வேற வீட்டுல வேலை, அதனால சனி ஞாயிறுல வந்திருக்காங்க. அதிர்ஷ்டம், அன்னிக்கு மழையும் பெஞ்சுது. வந்து ஏன் கேக்கலன்னு கேட்டீங்க. நீங்க 'எவன்'னுதானே சொன்னீங்க? அந்த வார்த்தையில அவங்களுக்கு இடம் இல்லையே."

ருப்பர்ட் தன் புதுச் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். எகோன் தொப்பியைக் கழற்றினார். எதற்காகக் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நான் அவளுக்குக் கத்துக் குடுக்கவே இல்லையே," என்றார் அல்வின்.

"நீங்க குடுக்கல. பின்னால கட்டிக்கிட்டே வந்த பொண்ணு முன்னால வெட்டுறத நாள் முழுக்கப் பாத்துக்கிட்டேதானே வரும்?"

கேத்தே முந்தானை இல்லாத குறைக்கு மேலங்கியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தாள். "அக்கரையில அவகிட்ட நான்தான் ஐயா சொன்னேன், அந்தச் சபதத்த. சிரிச்சுக்கிட்டே வேற சொன்னேன். அவ சிரிக்கல. ஒரு ரொட்டியக் கையில வச்சுக்கிட்டு, 'நிஜமாவே பிடுங்கிடுவாரா'ன்னு மட்டும் கேட்டா."

அல்வின் தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மணி பதினொன்றரை. "பாலத்தத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"நான் ஓட்டினா நாலு நிமிஷம்," என்றாள் கேத்தே. ஓட்டியது மூன்றில்.

*

அக்கரையில் தான் வேலை செய்யும் வீட்டு முற்றத்தில் ரிக்கே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஆயிரம் லிட்டர் பீப்பாய் ஒன்றைப் புரட்டிக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். ரொட்டி வண்டியிலிருந்து அப்பா இறங்குவதைப் பார்த்தாள். கழுவுவதை நிறுத்தவில்லை. டீட்சன் வண்டிக்குள்ளேயே இருந்தார். கேத்தேவின் தோளை அவர் அழுத்திப் பிடித்திருக்காவிட்டால் அவளும் இறங்கியிருப்பாள். ஜன்னல் கண்ணாடியை மட்டும் அவள் இறக்கிவிட்டிருந்தாள், அதனால்தான் இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது.

"யார் சொன்னது?" என்றாள் ரிக்கே.

"யாரும் சொல்லல. நானாவும் கண்டுபிடிக்கல. உங்கம்மாவோட முடிச்சை இன்னொருத்தர் வந்து காட்ட வேண்டியதாப் போச்சு." அல்வின் தடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "வெக்கமா இருக்கும்மா."

ரிக்கே பீப்பாயைப் பார்த்தபடியே பேசினாள். "நான் ஒண்ணும் அந்தத் துண்டக் கேக்கறதுக்காகக் கட்டல. குடுப்பீங்கன்னும் நெனைக்கல. வருஷா வருஷம் அம்மாவும் நானும் ஏறின மலை. பிடுங்கறத இங்கேருந்து பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது, அவ்வளவுதான். எந்தப் பேர வேணா எழுதிக்கோங்க. பிடுங்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"அப்ப சரி. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாதும்மா," என்றார் அல்வின், சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து அவள் பக்கம் நீட்டியபடி.

ரிக்கே குனிந்து குழாயை மூடினாள்.